வேர்ணா வைத்த நாலாவது தட்டு

அன்றைக்கு அந்த வீட்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரி வேர்ணா, எழுபதைத் தாண்டிய அமெரிக்கக் கவிஞர், சக்கர நாற்காலியில். அவரைப் பராமரிக்கிற வதனி. வதனியின் கணவருடைய அண்ணன் சிவபாதம், வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பிக்கரிங்கிலிருந்து வந்தவர். பிறகு நான். அத்தோடு ஒரு கிழட்டுப் பூனை. அது என் மடியில் ஏறிவிடுமோ என்று கடைசிவரைக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

ஆக, நாலு பேர்.

ஐந்தாவது ஆள் நான் கொண்டுபோன புத்தகத்தின் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். வதனியின் கணவர் குலேந்திரன். அவரை உயிரோடு இருக்கிறவர்கள் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? அதைத் தீர்மானிக்கப் போகவில்லை நாங்கள். அது தீர்மானமாகிவிட்டது என்று நினைத்துத்தான் போனோம்.

என் தொழில் வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். மீன்கடையில் மீன் சுற்றித் தந்த பக்கத்தில் என்னை முதல்முறை வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்காபரோவில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியக் கார்ட், கல்வெட்டு...

கல்வெட்டு என்றதும் தமிழகத்து நண்பர்கள் ஏதோ ராசா காலத்துக் கல் என்று நினைப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். அட்டையில் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு பெட்டிக்குள் நாலே வரியில் திதி வெண்பா. இறந்த வருஷம், பட்சம், திதி மூன்றையும் அதற்குள் அடக்கிவிடவேண்டும். பிற்காலத்தில் எந்த நாளில் திவசம் செய்வது என்று பிள்ளைகள் மறக்கக் கூடாது பாருங்கள், அதற்காக.

அந்த நாலு வரியையும் எழுதுகிறவன் நான்தான். புலவர்கள் மன்னிக்கவேண்டும். தளை தட்டும். செத்த வீட்டில் யார் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள்?

இந்த வைகாசி பிறந்ததிலிருந்து எங்கள் அச்சகத்தில் ஒரு கல்யாணக் கார்ட்கூட அடிக்கவில்லை. ஊரில் நடக்கிற யுத்தத்தை நிறுத்து என்று நகரத்துக்குள் போய்க் கோஷம் போட்டுத் தொண்டை கட்டின சனம், அந்தக் கட்டின தொண்டையோடு வந்து, ‘தம்பி, ஒரு கல்வெட்டு அடிக்கவேணும்’ என்றது. ஒரு குடும்பத்துக்கு ஒரு படம் என்பது போய், ஓர் அட்டையில் மூன்று படம், ஐந்து படம் என்று வைக்கவேண்டி வந்தது. சிலருக்குப் படமே இல்லை. அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கு.

சிவபாதம் வந்தது அந்தக் கூட்டத்தோடுதான்.

அவருடைய தம்பி குலேந்திரன் இங்கே லொறி ஓட்டினவர். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் கடைசியில், வன்னியில் தனியாக இருந்த தாயைக் கூட்டிவரப் போனார். ஒரு மாதத்தில் வருகிறேன் என்றுதான் போனார். பாதையை மூடினார்கள். ஒரு மாதம் வருஷங்களாயிற்று. யுத்தம் முடிந்துவிட்டது என்று ரீவி சொன்ன பிறகு தாய் மட்டும் முகாமுக்கு வந்து சேர்ந்தார். மகன் வரவில்லை. முகாமில் ஒருவர் சொன்னாராம்: தண்ணீர் எடுக்கப் போனவர் திரும்பவில்லை, பிறகு அவருடைய சட்டையைக் கண்டேன் என்று. எந்த நாள்? அது அவருக்கு நினைவில்லை. அங்கே யாருக்கு நாள் கிழமை நினைவிருந்தது?

சட்டையைக் கண்டால் ஆளைக் கண்டதாகுமா?

ஆகும் என்றார் சிவபாதம். வதனி வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம், நானும் சேர்த்துத்தான். சனிக்கிழமைக்கு மண்டபம், அதுதான் ஹோல், பிடித்தாயிற்று. ஐயருக்குச் சொல்லியாயிற்று. இருநூறு பேருக்குச் சாப்பாடு. அந்தச் சனிக்கிழமை வதனி பொட்டும் தாலியும் இல்லாமல் அந்த ஹோலுக்குள் வந்து உட்காரவேண்டும். மற்றதெல்லாம் சிவபாதம் பார்த்துக்கொள்வார்.

புத்தகம் அடித்து முடிந்தது. முதல் பிரதியைத் தம்பி மனைவியின் கையில்தான் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. வதனியை வீட்டில் பிடிக்க முடிந்தால்தானே? எங்கள் பேஸ்மென்றுக்கு மேல்வீட்டில்தான் அறை எடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் கிழமைகளில் மேலே காலடிச் சத்தமே இல்லை. மற்ற ஆட்களின் ஷிப்ட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வேர்ணாவின் வீட்டிலேயே படுத்து எழும்பினார். சும்மா இருந்தால் போன் அடிக்கிற மாதிரிக் காதுக்குள் கேட்கிறதாம்.

அதனால்தான் நாங்களே அங்கே போனோம்.

ஏரி தெரிகிற பழைய கட்டிடம். கீழே விருந்தாளிகளுக்கான பார்க்கிங் இரண்டே இரண்டு, இரண்டிலும் கார். தெருவில் விட்டேன். போர்டில் மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம், நடுவில் ஓர் அம்புக்குறி. நான் நின்ற இடம் அம்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? சிவபாதம் பொறுமையிழந்து, “அட வாருமன் ஐசே, டிக்கெற் வந்தால் நான் கட்டுறன்” என்று இழுத்துக்கொண்டு போனார். லிப்ட்டில் ஏறிய பிறகும் எனக்கு அந்த அம்புக்குறிதான் கண்ணுக்குள் நின்றது.

வேர்ணாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

ஒஹாயோ மாநிலத்தில் ஆற்றோரத்துச் சின்னப் பட்டினம் ஒன்றில் பிறந்தவர். தகப்பனுக்குக் கார் ரயர் செய்கிற தொழிற்சாலையில் வேலை. கணவர் ஹெலிகொப்டர் மெக்கானிக்காக வியட்நாம் போனவர். ஒரே தம்பி, போகமாட்டேன் என்று கனடாவுக்கு ஓடி வந்தவர். ஒரு வீட்டிலிருந்து ஒருவன் யுத்தத்துக்கு, ஒருவன் யுத்தத்துக்குப் பயந்து... இந்தக் கதை எங்களுக்குப் புதிதா? ஓடினவனின் பெயரை அந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று தகப்பன் கட்டளையாம். எங்கள் ஊரிலும் அப்படிப் பெயர் சொல்லப்படாத வீடுகள் எனக்குத் தெரியும்.

கணவர் போன ஹெலிகொப்டர் ஒரு மலைக்கு அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்த யுத்தமும் ஒரு நாள் முடிந்தது. சிறைபிடிபட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். யாருடைய ஆள் வருகிறது என்று வீடுகளுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். வேர்ணாவுக்கு அறிவிக்கவில்லை. அறிவிக்காவிட்டால் என்ன? கணவரின் சட்டை ஒன்றை அயன் பண்ணிக் காரில் தொங்கவிட்டுக்கொண்டு போய், விமானத்தளத்து வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். இறங்கின ஒவ்வொருவரின் நடையையும் பார்த்தாராம். முகம் தெரியாத தூரம். நடையைத்தான் பார்க்கலாம்.

சில வருஷம் கழித்து, இறந்ததாகக் கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மாமியார் ஊர் மயானத்தில் கல் வைத்தார். கீழே ஒன்றும் இல்லாத கல். வேர்ணா அந்தப் பக்கமே போகவில்லை. தம்பியைப் பார்க்க ஒரு கிழமைக்கென்று பஸ் ஏறி ரொறன்ரோ வந்தவர், இங்கேயே நின்றுவிட்டார். நூல்நிலையத்தில் வேலை, பின்னேரங்களில் கவிதை வகுப்பு, நாலு மெல்லிய புத்தகங்கள். நாலும் அந்த ஒரு மனிதரைப் பற்றி. அமெரிக்காவில் பரிசு கொடுத்தார்கள். வாடகையைக் கனடாவில் கட்டவேண்டியிருந்தது. தம்பியும் இப்போது இல்லை.

இதெல்லாம் வதனி சொல்லித் தெரியும். புத்தகங்களில் ஒன்றைப் பனிக்காலத்தில் எனக்குக் கொண்டுவந்து தந்தார். “அண்ணை, நீங்களும் பாட்டு எழுதுறனீங்கள்தானே, உதையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வாசித்தேன். எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஒரு கவிதை முழுக்க ஒரு ஷேவிங் பிரஷ் எப்படிக் காய்ந்து விறைக்கிறது என்பது. இன்னொன்றில் ஒரு பெண் பனிக்காலக் காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிறாள்; தான் இருக்கிற பக்கத்தைச் சுரண்டிய பிறகு, யாரும் இருக்கப்போகாத பக்கத்தையும் சுரண்டுகிறாள். அவ்வளவுதான் கவிதை. எல்லாவற்றிலும் பெயர் போனது தட்டுக் கவிதை. ஒரு பெண் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைக்கிறாள். சாப்பிட்ட பிறகு ஒன்றைக் கழுவுகிறாள். மற்றதைத் தூசி தட்டித் துடைக்கிறாள். அங்கே பள்ளிக்கூடப் புத்தகத்திலெல்லாம் வந்த கவிதையாம் அது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே விளங்கியது. இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டுவிட்டேன்.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம்.

வதனி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் சின்னப் பொட்டு. சிவபாதம் இரண்டு கையாலும் புத்தகத்தைக் கொடுத்தார். வதனி வாங்கினார். படத்தைப் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“ரீ குடிக்கிறியளோ அத்தான்?”

“ரீயை விடு பிள்ளை. உதை ஒருக்காப் பார். பிழை கிழை இருந்தால் இவர் இங்கதான் நிக்கிறார்.”

சக்கர நாற்காலி மேசையடிக்கு உருண்டு வந்தது. என்ன புத்தகம் என்று கேட்டார் வேர்ணா. சிவபாதம் மிசிசாகாவில் இன்சூரன்ஸ் கம்பனியில் பெரிய வேலை, நல்ல ஆங்கிலம். ‘குடும்ப விஷயம்’ என்று மரியாதையாகச் சொல்லி முடிக்கப் பார்த்தார்.

“என் மேசையில் வைத்தால் நான் பார்ப்பேன்” என்றார் வேர்ணா. அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். எனக்கு விளங்காமல் போன இடங்களைப் பிறகு வதனி சொல்லித் தந்தார்.

புத்தகத்தைத் திருப்பினார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியைத் தொட்டு, இது பாட்டா என்று கேட்டார். ஓம், பாட்டு. யார் எழுதியது? சிவபாதத்தின் விரல் என்னைக் காட்டியது.  பரிசு வாங்கின கவிஞர். நான் எட்டாம் வகுப்பு.

“எத்தனை பேருக்கு எழுதியிருப்பீர்கள்?”

“ஒரு நானூறு பேருக்கு இருக்கும்.”

அவர் பெட்டியிலிருந்து விரலை எடுத்தார். “நான் ஒரு மனிதனுக்கு நாலு புத்தகம் எழுதினேன். நீங்கள் நானூறு பேருக்கு ஒரே புத்தகத்தை எழுதியிருக்கிறீர்கள்.”

பாராட்டா, அடியா? இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் பொய் இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றினால் என் ‘பாசத்தின் பிறப்பிடமே, பண்பின் உறைவிடமே’ யாருக்கும் பொருந்தும். உங்களுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். எழுதி வைத்த இடத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வேலை.

பிறகு சிவபாதம் சனிக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று வேர்ணாவுக்கு விளக்கினார். செய்யாவிட்டால் ஆன்மா பசியோடு அலையும் என்பதையும் சொன்னார். வேர்ணா கேலி செய்வார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேர்ணா வதனியைப் பார்த்தார். “போ” என்றார். “போய்ச் செய்.”

மூன்று பேரும் திகைத்துப்போனோம். காத்திருந்ததையே நாலு புத்தகமாக எழுதிய மனுஷி ஆயிற்றே!

“உங்கட கவிதையில...” என்று வதனி தொடங்கினார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் குரல் எங்கள் ஊர்க் குரல்.

“எந்தக் கவிதை? தட்டா? நான் ஒரு நாளும் இரண்டு தட்டு வைத்ததில்லை. குசினியில் நின்றபடியே சட்டியிலிருந்து அள்ளிச் சாப்பிட்டேன், முப்பது வருஷமும். அதை எழுதினால் யார் வாசிப்பார்கள்? இரண்டு தட்டு என்றால் அழுவார்கள்.” பூனையைத் தூக்கி மடியில் விட்டுக்கொண்டார். அந்த மட்டுக்கு எனக்கு நிம்மதி. “மாமியார் கல் வைத்தபோது போயிருக்கலாம். அந்தக் கல்லை நம்பவேண்டியதில்லை. அந்தக் கிழவிக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். நான் போகவில்லை. அவள் சாகும்வரைக்கும் என்னோடு பேசவில்லை. காத்திருந்து எனக்குக் கிடைத்தது நாலு புத்தகம். என்னைப் பார். இப்படி ஆகாதே. போ.”

சிவபாதத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம். அமெரிக்கப் பக்கத்திலிருந்தே ஆதரவு கிடைத்துவிட்டது!

வதனி கையை நீட்டினார். புத்தகத்தை எடுத்தார். முதல் தடவையாகத் திறந்தார். பெட்டிக்குள் இருந்த நாலு வரியை வாய்க்குள் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“அண்ணை,” என்னைத்தான் கேட்டார். “நாள் தெரியாட்டில் அமாவாசையெண்டுதானே போடுறனீங்கள்?”

“ஓம் பிள்ளை. நாள் தெரியாத ஆக்களுக்கு அமாவாசைதான். அதுதான் வழக்கம்.”

“அப்ப உதென்ன தேய்பிறைப் பஞ்சமி? பக்கத்தில வியாழக்கிழமை எண்டு வேற கிடக்கு.”

“அண்ணை எழுதித் தந்த திகதி...” என்று சிவபாதத்தைப் பார்த்தேன்.

“அத்தான், வியாழக்கிழமையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒருத்தரும் சொல்லேல்லை பிள்ளை. ஹோல் அந்த ஒரு சனிதான் கிடைச்சது. மற்றச் சனியெல்லாம் ஆக்கள் எடுத்திட்டினம், தெரியும்தானே இப்ப நடக்கிற நடப்பு. கிழமை நாளில வைச்சால் ஆர் லீவு போட்டு வரப்போகினம்? அப்ப சனியை முப்பத்தொண்டா வைச்சுப் பின்னுக்கு எண்ணிப் பார்த்தன். வியாழனில வந்து நிண்டுது.”

எனக்கு அதிர்ச்சியாக இருந்ததா? இல்லை. அதுதான் அதிர்ச்சி. இந்த நாட்டில் எங்கள் பொங்கல் சனிக்கிழமை வரும். சாமத்தியம் சனிக்கிழமை வரும். பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்குக் கழிவும் சனிக்கிழமை. நாலு பேர் வரவேண்டும், நாலு பேருக்கு லீவு வேண்டும். பார்க்கிங் இருக்கவேண்டும். பிறப்பையும் பூப்பையும் சனிக்கிழமைக்குத் தள்ளிப் பழகின நாங்கள், ஒரு சாவைக் கொஞ்சம் தள்ளி வைத்ததில் யாருக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருக்கும்? நானே அந்தத் திகதியை வாங்கினேன், பஞ்சாங்கம் பார்த்தேன், வெண்பாவுக்குள் அடைத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

வதனி புத்தகத்தை மூடினார்.

“அத்தான், அந்த வியாழன் கழிஞ்சு வந்த சனிக்கிழமை விடியப்பறம் அவர் எனக்குப் போன் எடுத்தவர்.”

சிவபாதம் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார்.

“ஆற்றையோ சற்றலைட் போன். ஒரு நிமிசமும் கதைக்கேல்லை. ‘என்ர ஜக்கெற்றை லோண்டரியில இருந்து எடுத்திட்டீரோ’ எண்டு கேட்டவர். போகேக்க குடுத்திட்டுப் போன ஜக்கெற். நான் ஓமெண்டு பொய் சொன்னனான். அண்டைக்கே உங்களுக்கும் அடிச்சுச் சொன்னனான் அத்தான், அவர் கதைச்சவர் எண்டு. நீங்களும் அழுதனீங்கள்.” குரல் உயரவில்லை. “வியாழக்கிழமை செத்த மனிசன் சனிக்கிழமை எப்பிடி அத்தான் ஜக்கெற் கேட்டவர்?”

“ரெண்டு நாள் முன்ன பின்ன...” என்று தொடங்கினார் சிவபாதம். 

நான் அந்த மனிதரைக் கல்நெஞ்சுக்காரர் என்று எழுதிவிடுவேன் என்று நினைக்கவேண்டாம். மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கோட்டும் ரையுமாக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

“எனக்கு மறந்து போச்சு பிள்ளை. ஆணையா மறந்து போச்சு. அம்மா முகாமில இருந்து கதைக்கேக்கயெல்லாம் ஒண்டைத்தான் கேக்கிறா. அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாச்சோ, பசியோட நிக்கப்போறான் எண்டு. நான் என்ன செய்ய? அங்க போகேலாது. போய்த் தோண்டிப் பாக்கேலாது. எனக்குத் தெரிஞ்சது ஹோலைப் பிடிக்கிறது, ஐயரைப் பிடிக்கிறது, சாப்பாட்டுக்குச் சொல்லுறது. வேற என்ன தெரியும் எனக்கு? சொல்லு, வேற என்ன தெரியும்?”

வதனி போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“அழுங்கோ அத்தான். நான் மறிக்கேல்லை. ஆனா சனிக்கிழமை நான் வரமாட்டன். பொட்டையும் அழிக்கமாட்டன். ஆராவது ஒருத்தர் கண்டு, இதுதான் நாளெண்டு சரியாச் சொல்லட்டும். அண்டைக்கு நானே அழிக்கிறன்.”

“சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?”

“இவர் சொல்லுவார், மெசின் பழுதாப் போச்சு, புத்தகம் அடிக்கேல்லையெண்டு.”

இவர் என்றால் நான். நான் ஏன்? என்று கேட்கிற இடமா அது?

தமிழ் ஒரு சொல்லும் விளங்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த வேர்ணா, என்ன முடிவு என்று வதனியைக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றார் வதனி.

“முட்டாள்” என்றார் வேர்ணா. “மாமியார் கல் வைத்தபோது நானும் அதைத்தான் சொன்னேன்.”

பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்க்கத் தொடங்கினார்.

கீழே வந்தோம். கார்க் கண்ணாடியில் டிக்கெற் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். சிவபாதத்தைப் பிக்கரிங் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, “டிக்கெற் விழேல்லைத்தானே?” என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

இனி நான் எழுதப்போவது நான் பார்த்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை வதனி போனில் சொன்னது.

ஹோலை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதே நேரத்துக்கு அதே ஹோலில் வேறொரு குடும்பம் ஏறிவிட்டதாம், காத்திருந்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வேர்ணாவின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் சிவபாதம். தனியாக. கையில் அடுக்குச் சட்டி. மனைவி சமைத்துக் கொடுத்தது.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். எல்லாம் மரக்கறி. சனிக்கிழமையானால் மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர் அவர். சட்டியைத் திறந்ததுமே வதனிக்கு விளங்கிவிட்டது. கத்தரிக்காய்க் குழம்பு யாருக்கு விருப்பம் என்பதும் விளங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வதனியும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா சாப்பாடு கொண்டுவந்த அத்தான், சும்மா சாப்பிடக் கூப்பிட்ட வதனி.

வதனி மேசையில் மூன்று தட்டு வைத்தார்.

சிவபாதம் மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னொண்டு தா பிள்ளை” என்றாராம், தரையைப் பார்த்தபடி.

“மூண்டு பேர்தானே அத்தான்.”

அவர் திரும்பக் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அப்போது சக்கர நாற்காலி குசினிப் பக்கம் உருண்டது. வதனி எழும்பப் போனார். வேர்ணா கையைக் காட்டி இருக்கச் சொன்னார். கீழ்த்தட்டு அலுமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு உருட்டி உருட்டித் திரும்பி வந்தார். பாவித்தே பல காலமான தட்டு. தன் பாவாடைத் துணியால் அதைத் துடைத்தார். மேசையில், யாரும் இல்லாத பக்கத்தில் வைத்தார். அவ்வளவு காலமும் கவிதையில் மட்டும் வைத்த தட்டு.

“அண்ணை, அவ ஒண்டும் சொல்லேல்லை” என்றார் வதனி. “உறைப்பு, உறைப்பெண்டு தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு முழுக்கச் சாப்பிட்டவ.”

“அந்தத் தட்டில?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.



“ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை அண்ணை. ஒருத்தரும் எடுக்கவும் இல்லை.”

போட்டால் படையல் ஆகிவிடும். எடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லைப் போலிருக்கிறது. தட்டு இன்றைக்கும் அந்த மேசையில்தான் இருக்கிறதாம். பூனை மட்டும் அடிக்கடி வந்து மணந்து பார்த்துவிட்டுப் போகிறதாம்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ரீவியில் சொன்னார்கள், பேப்பரில் எழுதினார்கள், எங்கள் பேப்பரிலும்தான். எந்தக் கிழமை முடிந்தது என்றுகூடச் சொல்கிறார்கள். வேர்ணாவின் யுத்தமும் அப்படித்தான் ஒரு நாள் முடிந்ததாம், அவர் வேலிக்கு வெளியே சட்டையோடு நின்றுகொண்டிருந்தபோது.

புத்தகங்கள்?

அச்சகத்தில் வைக்க இடமில்லை. வேறு பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே அந்த ஒரு பெட்டி என் பேஸ்மென்றில், உடுப்பு அலுமாரிக்குள் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் கசியுமோ, எலி கடிக்குமோ, வதனி மேலிருந்து இறங்கி வரும்போது கண்ணில் பட்டுவிடுமோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். மனைவி வேறு. “செத்த வீட்டுச் சாமானை வீட்டுக்க வைச்சிருக்கிறியளே!” என்கிறார்.

“செத்தாரெண்டு ஆர் சொன்னது?” என்றேன்.

“அப்ப அதைவிடப் பொல்லாதது” என்றார்.

சிவபாதம் அரைவாசிக் காசு முன்னுக்கே கட்டியிருந்தார். மிச்சத்தைக் கட்டிப் பெட்டியை எடுக்கவேண்டும். திகதி பிழையென்றால் அந்த நாலு வரியை மட்டும் புதிதாக அடித்து மேலே ஒட்டிக் கொடுக்கலாம் என்கிறார் முதலாளி. தொழில் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை வந்தால், “அந்தப் பாக்கி என்னாச்சு?” என்று கேட்கிறார். வரும் என்கிறேன். வரக் கூடாது என்று உள்ளே வேண்டிக்கொள்கிறேன். சிவபாதம் ஒரு நாள் வந்து அந்தக் காசை மேசையில் வைத்தால், யாரோ ஒருவர் நாளைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

இந்தப் பத்தி அச்சுக்குப் போகிறவரைக்கும் பாக்கி அப்படியே நிற்கிறது: முந்நூற்று நாற்பது டொலர்.